மூடி இல்லாத கூடைகள்

பிப்ரவரி 9

குட்டி,

ஃபோனில் என் பெயரைப் பார்த்தால் நீ அணைத்துவிடுவாய். கடிதமாக இருந்தால் கிழிப்பதற்காவது கையில் எடுக்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடு.

போன வாரம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் கைவினைக் கண்காட்சி நடந்தது. டியூட்டி முடிந்து வருகிறவளுக்குக் கண்காட்சி எதற்கு? கால் வலித்தது, உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள், போனேன். கண்ணாடி, களிமண் எல்லாம் தாண்டிக் கடைசி மேஜையில் மரப்பட்டையில் முடைந்த உயரமான ஜாடி ஒன்று நின்றது. பெயர் அட்டையைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. கடைசி முடிச்சை உள்பக்கம் சொருகி ஒளித்திருந்தது. சின்ன வயதில் எனக்கு ஜடை பின்னிவிட்டு ரிப்பன் முனையை ஒளிப்பாயே, அதே கை.

தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது. தொட்டேன். காவலுக்கு நின்ற பெண் ஓடி வந்தாள். "மேடம், கை வைக்காதீங்க." "என் தங்கச்சி செஞ்சதும்மா." "யார் தங்கச்சி செஞ்சிருந்தாலும் கை வைக்கக் கூடாது மேடம்." நியாயம்தான். வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் இன்னும் அதே ஆஸ்பத்திரியில், அதே பிரசவ வார்டில்தான் இருக்கிறேன். மூச்சில்லாமல் பிறக்கிற குழந்தைகளை எங்கள் வார்டிலிருந்து அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கிறோம். கையுறைகள் வந்து இறங்குகிற பெட்டி. உள்ளே துண்டு விரித்திருக்கும். பக்கவாட்டில் நீல எழுத்தில் 'நடுத்தர அளவு' என்று அச்சடித்திருக்கும். இந்த வாரம் ஒரு தகப்பன் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு அந்த இரண்டு வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை வைத்து மறைக்கப் பார்த்தேன். மறைக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது.

நீ ஒரு கூடை முடைந்து கொடு. உன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் போதும். இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும், அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்கிற மாதிரி.

இதைக் கேட்க எனக்கு என்ன அருகதை என்பாய். திட்டு. திட்டிவிட்டு முடைந்து கொடு.

அக்கா


பிப்ரவரி 20

சிஸ்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஊரே உங்களை இப்படித்தானே கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிட்டுவிடுகிறேன்.

நீங்கள் கேட்டது முடியாது. கடையில் துணி வாங்குகிற மாதிரி வருஷம் முழுக்கக் கிடைக்கிற பொருள் இல்லை பட்டை. மரத்தில் நீர் ஏறுகிற சில வாரங்கள்தான் அது உரிந்து வரும். மற்ற நாளில் உரித்தால் துண்டு துண்டாகக் கையோடு வரும். போன வருஷத்துச் சுருள்கள் கொஞ்சம் பட்டறையில் தொங்குகின்றன. அவற்றுக்கு ஆர்டர் இருக்கிறது.

அந்தத் தகப்பன் 'நடுத்தர அளவு' என்பதைப் படித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். என் வீட்டுக்காரர் என்ன படித்தார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அவர் கையில் கொடுத்த பெட்டியின் மூடியைப் பழுப்பு டேப் போட்டு ஒட்டியிருந்தீர்கள். அதைத் திறக்கலாமா என்று கேட்கத் தெரியாத மனுஷர் அவர். ஒட்டியது ஒட்டியபடியே கொண்டுபோய் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தார்.

நான் மயக்கம் தெளிந்து கேட்டேன். நீங்கள் என் தலைமாட்டில் யூனிபார்மோடு நின்றுகொண்டு, "பாக்காதடி. பாத்தா தாங்க மாட்டே" என்றீர்கள். நான்கு வருஷமாகப் பார்க்காததைத் தாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள், நானும் ஒன்று கேட்கிறேன். என் மகள் முகம் எப்படி இருந்தது? பிரசவம் பார்த்த டாக்டருக்கு அவள் பத்தோடு பதினொன்று. பார்த்த கண் என்று மிச்சமிருப்பது உங்களுடையது மட்டும்தான். அவள் யார் ஜாடை?

இதற்குப் பதில் எழுதாமல் வேறு எதுவும் எழுத வேண்டாம்.


மார்ச் 4

குட்டி,

வார்டில் யாராவது "சிஸ்டர்" என்று கூப்பிட்டால் இப்போது திடுக்கென்கிறது. ஒரே வார்த்தையில் எப்படி அடிப்பது என்று உனக்கு எப்போதும் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதைத் தாளில் எழுத மாட்டேன். கரண்ட் பில்லோடும் கல்யாணப் பத்திரிகையோடும் தபால் பையில் கிடந்து வர வேண்டியதில்லை அது. நேரில் சொல்கிறேன். நீ வா, இல்லையென்றால் என்னை வரச் சொல். எப்போது சொன்னாலும் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

அன்றைக்கு உனக்கு ரத்தம் நிற்கவில்லை. நீ பிழைப்பாயா என்பதே கேள்வியாக இருந்தது. அப்போதெல்லாம் யாருக்கும் காட்ட மாட்டோம், மூடிக் கொண்டுபோய்விடுவோம், அதுதான் இரக்கம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் அதை நம்பினேன். இப்போது காட்டுகிறோம். நானே துடைத்து, துணி சுற்றி, கையில் கொடுத்து, பக்கத்திலேயே நிற்கிறேன். ஒவ்வொரு தடவையும் உன்னை நினைத்துக்கொள்கிறேன் என்று எழுதினால் நடிப்பு என்பாய். அதனால் எழுதவில்லை.

கூடை விஷயத்தை இனி கேட்க மாட்டேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சொல்ல மாட்டாய், தெரியும். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

சிஸ்டர் அவர்களுக்கு,

இதோடு ஒரு பார்சல் வருகிறது. உங்களுக்காகச் செய்ததில்லை. அந்த நீல எழுத்து கண்ணை விட்டுப் போகவில்லை, அதனால் செய்தேன்.

முதலில் முடைந்தது ஆழமாகப் போய்விட்டது. உள்ளே இருப்பதைக் குனிந்து தேட வேண்டியிருக்கும் போலிருந்தது. பிரித்துப் போட்டேன். இரண்டாவதில் அடி சரியாக வந்தது, ஆனால் மூலை மடக்கும்போது பட்டை வெடித்தது. பழைய சுருள், உள்ளே ஈரம் செத்துப்போயிருந்தது. இது மூன்றாவது. உள்பட்டையை மட்டும் பிரித்து, விரலகல வார்களாகச் சீவி, இரண்டு அடுக்காக முடைந்திருக்கிறேன். வழவழப்பான பக்கம் உள்ளே இருக்கிறது. பிஞ்சுத் தோலில் எதுவும் உறுத்தாது. அது முக்கியமா என்று கேட்காதீர்கள்.

காயும்போது பட்டை சுருங்கி வார்களுக்கு நடுவே இடைவெளி விடும். அதனால் காயவைத்து, கீழே நெருக்கித் தட்டி, மேலே இன்னும் இரண்டு சுற்று ஏற்றியிருக்கிறேன். கைப்பிடி கனம் தாங்கும். கனம் என்று எழுதும்போதே கை நிற்கிறது.

என் வீட்டுக்காரர் வேலை செய்கிற மரவாடியிலிருந்து வந்து பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கூடைக்கு மேலே இரண்டு கையையும் நீட்டி அளவு பார்த்தார். பிறகு வெளியே போய் விறகு பிளந்தார். ஏற்கெனவே பிளந்த விறகு சுவர் உயரம் அடுக்கியிருந்தது. திரும்பி வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "அன்னிக்குக் கனமே இல்ல. காலிப் பெட்டியத்தான் குடுத்துட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றார். நான்கு வருஷத்தில் அன்றைக்குத்தான் அதைப் பற்றி வாய் திறந்தார். சாப்பாடு எடுத்துவைத்தேன்.

மூடி வைக்கவில்லை. மூடி கேட்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்கு நான் வரமாட்டேன். நீங்களும் வர வேண்டாம்.


ஏப்ரல் 16

குட்டி,

கூடை போய்விட்டது.

வந்தவள் சின்னப் பெண். அவள் புருஷன் பால் வண்டி ஓட்டுகிறவர். பையன். முழு மாதம். கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நான் துடைத்துக் கொண்டுவந்து கூடையில் படுக்கவைத்து அவள் மடியில் வைத்தேன். ரொம்ப நேரம் பையனையே பார்த்தாள். பிறகு விளிம்பில் மூக்கை வைத்து, "காட்டு வாசன அடிக்குது" என்றாள். யார் செய்தது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த ஒருத்தி என்றேன். தங்கச்சி என்று சொல்ல வாய் வந்தது, உன் அனுமதி இல்லாமல் எப்படிச் சொல்வது?

போகும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அவள் நடக்கக் கூடாது, சக்கர நாற்காலி கொண்டுவருகிறேன் என்றேன். கேட்கவில்லை. அவர்கள் நடை ஒன்றுபடவில்லை, கூடை கொஞ்சம் ஆடியது. தாலாட்டுகிற மாதிரியே இருந்தது. இதை எழுதியிருக்க வேண்டாமோ என்னவோ, எழுதிவிட்டேன்.

பின்னாலேயே தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மரப்பட்டையைப் பிரசவ அறைக்குள் எப்படி அனுமதித்தீர்கள், பூஞ்சை வந்தால் யார் பொறுப்பு என்றார். அது நியாயமான கேள்வி. அடுத்தது, "மூடி இல்லாம வராந்தால தூக்கிட்டுப் போனா மத்த அம்மாங்க பாக்க மாட்டாங்களா? ஒரு மூடி வைக்கச் சொல்லுங்க" என்றார். "மூடி இல்லாமத்தான் வரும். மேல ஒரு வெள்ளத் துணி போத்திக்கலாம்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அவரிடம் எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை.

கிருமி போக ஆவியில் வைத்து எடுத்தால் பட்டை தாங்குமா? தாங்கும் என்றால் அவர் தடுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இன்னும் கொஞ்சம் வேண்டும். வேண்டியிருக்கக் கூடாது, ஆனால் வேண்டியிருக்கிறது.

அக்கா


மே 11

அக்கா,

ஆவி பட்டையை ஒன்றும் செய்யாது. கொஞ்சம் இளகும், அவ்வளவுதான். எடுத்ததும் உள்ளே ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றி வைத்துக் காயவிடு, வடிவம் மாறாது. வெயிலில் வைக்காதே.

ஐந்து கூடை அனுப்பியிருக்கிறேன். எல்லாம் ஒரே அளவில்லை. இரண்டைச் சின்னதாகச் செய்திருக்கிறேன், சீக்கிரமே வந்துவிடுகிறவர்களுக்கு. ஒன்று ரொம்பச் சின்னது. அதை முடையும்போது கை முழுதாக உள்ளே போகவில்லை, விரல்களை மட்டும் விட்டு முடைந்தேன்.

இங்கே பட்டை உரிகிற காலம். மரம் வெட்டுகிற இடத்துக்கே என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிப்போகிறார். லாரியில் ஏற்றிவிட்டால் போச்சு, மரவாடியில் பட்டையெல்லாம் அடுப்புக்குப் போய்விடும். விழுந்த மரத்தில் நெடுக ஒரு கீறல் போட்டு, கத்தி முனையால் நெம்பினால் போதும், பெரிய பாயாகக் கழன்று வரும். நனைந்த தோலைப் பிய்க்கிற மாதிரி ஒரு சத்தம். உள்ளே மரம் வெள்ளையாக, ஈரமாக, கூசுகிற மாதிரி நிற்கும். மற்ற வருஷமெல்லாம் எனக்கு இந்த நாட்கள்தான் பண்டிகை. இந்த வருஷம் உரித்த மரத்தைப் பார்த்தால் போர்வையை இழுத்துப் போர்த்திவிடலாமா என்று இருக்கிறது.

ஊறப்போட்ட பட்டை நாற்றமும் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டி பக்கம் போனாலே குமட்டுகிறது. தண்ணீர் கெட்டுவிட்டதோ என்று மாற்றிப் பார்த்தேன். மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது அவர்தான் ஊறவைத்துத் துடைத்து எடுத்து வந்து தருகிறார். வார் சீவ விட்டேன், கோணல்மாணலாகச் சீவி வைத்திருக்கிறார். மர மனுஷருக்குப் பட்டை பிடிபடவில்லை.

நீ என்று எழுதிவிட்டேன். மறுபடி நீங்கள் என்று மாற்றி எழுதத் தாள் இல்லை.


மே 19

குட்டி,

இந்த வார்டில் தலை நரைத்தவளிடம் போய்க் குமட்டுகிறது, தண்ணீர் கெட்டுவிட்டது என்று எழுதுகிறாயே. தண்ணீருக்கு ஒன்றும் இல்லை. எத்தனை நாள் தள்ளியிருக்கிறது?

உடனே டாக்டரைப் பார். போன தடவை போன ரத்தத்தை நினைத்துக்கொள். குனிந்து தொட்டியில் கை விடாதே. கத்தி பிடிக்காதே. மரம் வெட்டுகிற இடத்துக்கு இனி போகவே கூடாது.

கூடை வேண்டாம். இப்போது அனுப்பியது போதும். நான் கேட்டதே தப்பு. வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு நீ அந்த விரல் அளவுக் கூடையை முடைந்திருக்கிறாய் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நிறுத்து. நிறுத்திவிட்டேன் என்று ஒரு வரி எழுது.

அக்கா


மே 30

அக்கா,

ஆமாம்.

யாரிடமும் சொல்லாதே. நாங்கள் இரண்டு பேருமே அதைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொள்வதில்லை.

உனக்கு எழுதியதற்கு மறுநாள் அவருக்குச் சொன்னேன். அவர் பட்டறைக்குப் போய், பாதியில் நின்ற கூடையை எடுத்துப் பரணில் போட்டார். "மாசமா இருக்கறவ செய்யற வேலையா இது?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. நான் ஏணி போட்டு ஏறி அதை இறக்கினேன். ஏணியில் ஏறியதற்கு இன்னொரு கத்தல். இப்போது சமாதானம். எப்படி என்று கேட்காதே, இரண்டு பேரும் களைத்துப்போனோம், அவ்வளவுதான்.

நிறுத்தமாட்டேன். நான் நிறுத்திவிட்டால் உன் வார்டில் எல்லாக் குழந்தையும் அழுதுகொண்டே பிறக்குமா? போன தடவை நான் எந்தக் கெட்ட காரியமும் செய்யவில்லை. நல்ல நல்ல ஜாடிகளாகத்தான் முடைந்துகொண்டிருந்தேன். என்ன ஆயிற்று?

இன்னொன்று. உன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். இங்கேயே பக்கத்து டவுனில் பார்த்துக்கொள்கிறேன். பிரசவத்துக்கு நீ வராதே. கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ பக்கத்தில் நின்றால் நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன், எதையாவது மறைக்கிறாயா என்று. அப்படிப் பார்த்துக்கொண்டு என்னால் பெற முடியாது.


ஆகஸ்ட் 22

குட்டி,

வரமாட்டேன். நீ சொன்னால் சொன்னதுதான். எனக்கு அது வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை.

கால் வீங்குகிறதா? மோதிரம் இறுகுகிறதா? கண் முன்னால் பூச்சி பறந்தால் அது சாதாரணம் இல்லை, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இடது பக்கமாகப் படு. அசைவு குறைந்தால் காத்திருந்து பார்க்காதே. மாப்பிள்ளையிடம் வண்டிக்கு எப்போதும் பெட்ரோல் போட்டு வைக்கச் சொல். அக்காவாக எழுத உட்கார்ந்தேன், நர்ஸாகத்தான் எழுத வந்திருக்கிறது பார்.

நீ ஜூலையில் அனுப்பியதில் ஒன்றுதான் பாக்கி. சின்னது இரண்டும் ஒரே வாரத்தில் போயின. அவற்றில் ஒன்றை வாங்கிக்கொண்ட அம்மாவுக்கு என் வயது இருக்கும். கூடையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "யாரோ பொறுமையா ஒக்காந்து செஞ்சிருக்காங்க" என்றாள். அதுவரை அழாதவள் அதற்கு அழுதாள். தலைமை நர்ஸ் இன்னமும் பூஞ்சை, பூஞ்சை என்று முனகுகிறார். முனகிக்கொண்டே செங்கல்லுக்குத் துணி தைத்துக் கொடுத்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தால் சமைக்கத் தோன்றுவதில்லை. ரொட்டியை நின்றபடியே தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறேன். உன்னிடம் இதைச் சொல்லக் கூடாது. ஆனால் வேறு யாரிடம் சொல்வது?

அக்கா


அக்டோபர் 3

அக்கா,

கால் வீங்குகிறது, மோதிரம் கழற்றியாயிற்று, பூச்சி பறக்கவில்லை.

தொட்டில் முடையச் சொல்கிறார். நல்ல பட்டையாகத் தனியே எடுத்து வைத்திருக்கிறார், முடிச்சில்லாத, நீளச் சுருள். இந்த வருஷம் உரித்ததிலேயே அதுதான் ஒசத்தி. இரண்டு தடவை ஆரம்பித்துவிட்டேன். அடி போட்டு, ஓரம் மடக்கி, நாலு சுற்று ஏறியதும் பார்த்தால் அந்தக் கூடையாகத்தான் இருக்கிறது. அதே பட்டை, அதே பின்னல், பிறந்த குழந்தைக்கு அதே நீளம். தொட்டிலுக்கும் அதற்கும் வித்தியாசம் என்ன என்று என் கையைக் கேட்டால் அதற்குத் தெரியவில்லை. இரண்டையும் முடித்து, கைப்பிடி வைத்து, உனக்கே அனுப்பியிருக்கிறேன். பார்சலைப் பிரித்தால் பார்ப்பாய், கொஞ்சம் அகலமாக இருக்கும்.

அவர் மரவாடியிலிருந்து பலகை கொண்டுவந்து, தானே ஒரு தொட்டில் அடிக்கிறார். பெட்டி மாதிரி இருக்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

போன வாரம் ஒரு நாள் காலையிலிருந்து அசையவே இல்லை. நீ எழுதியிருந்தாயே, காத்திருக்காதே என்று. நான் காத்திருந்தேன். போனால் அவர்கள் சொல்லிவிடுவார்கள், போகாத வரைக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. பட்டறையில் உட்கார்ந்து அமைதியாக வார் சீவிக்கொண்டிருந்தேன். அழக்கூட இல்லை. மத்தியானம் விலாவில் ஒரு உதை விழுந்தது. கத்தியைக் கீழே போட்டுவிட்டேன்.

திட்டி எழுதாதே. எனக்கே தெரியும்.


அக்டோபர் 10

குட்டி,

திட்டவில்லை. அடுத்த தடவை அப்படி இருந்தால் மாப்பிள்ளையிடம் சொல். ஒரு வார்த்தை. அவர் தூக்கிக்கொண்டு ஓடுவார், முடிவை அவரே கேட்டுக்கொள்வார், நீ காதைப் பொத்திக்கொள். தனியாக உட்கார்ந்து வார் சீவிக்கொண்டிருக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


டிசம்பர் 19

குட்டி,

இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. நாள் நெருங்கிவிட்டது, எனக்குக் கணக்குத் தெரியும். வராதே என்றாய், வரவில்லை. ஃபோன் செய்யவும் பயமாக இருக்கிறது, யார் எடுத்து என்ன சொல்வார்களோ என்று.

எழுத முடியவில்லை என்றால் எழுதாதே. வெறும் தாளை மடித்து உறையில் போட்டு அனுப்பு. உன் கையெழுத்தில் என் விலாசத்தைப் பார்த்தால் போதும்.

அக்கா


ஜனவரி 6

அக்கா,

பெண். உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று அவர் பக்கத்தில் நின்று சொல்கிறார், உனக்கு நெஞ்சு வெடித்துவிடுமாம்.

டிசம்பர் கடைசியில் பிறந்தாள். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். எடுத்ததும் சத்தமே இல்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சரி, இப்போது யாராவது வந்து பார்க்காதே என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒரு இருமல், பிறகு அழுகை. பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துக்கொண்டே என் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன் அக்கா. இத்தனை வருஷம் காட்டவில்லை, காட்டவில்லை என்று உன்னைக் கரித்துக்கொட்டியவள், காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

எல்லாரும் வந்து சந்தோஷம், சந்தோஷம் என்கிறார்கள். மரவாடி முதலாளிகூட வந்தார். நான் தலையை ஆட்டுகிறேன். இவள் பால் குடிக்கிறாள், தூங்குகிறாள், கொட்டாவி விடுகிறாள். ஒவ்வொன்றும் செய்யும்போது அவள் இதைச் செய்யவில்லை என்று தோன்றுகிறது. முன்னே ஒரு குழந்தை இல்லை என்றுதான் துக்கம் இருந்தது. இப்போது என்னென்ன இல்லாமல் போயிற்று என்று ஒவ்வொன்றாக இவள் காட்டிக்கொடுக்கிறாள். பாவம், இவளுக்கு என்ன தெரியும்? என் கண்ணீர் இவள் கன்னத்தில் விழுந்தால் பால் என்று நினைத்து நாக்கை நீட்டுகிறாள்.

அவர் அடித்த பலகைத் தொட்டிலில்தான் படுத்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து இந்த முகத்தையே பார்க்கிறேன். மூக்கு, நெற்றி, உதடு. இதே மூக்குதானா அதுவும்? இதே உதடா? பார்க்கப் பார்க்க, பார்க்காத முகத்துக்கு இந்த முகத்தையே ஒட்டிவிடுகிறேன். சரியா தப்பா என்று சொல்ல உலகத்தில் ஒரே ஆள்தான் இருக்கிறது.

வா. வந்து இவளைப் பார்த்துவிட்டுச் சொல், இவள் அவள் ஜாடையா?


ஜனவரி 29

குட்டி,

வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. மாப்பிள்ளை கட்டிக் கொடுத்த சாப்பாட்டைத் திறக்கவில்லை, அப்படியே கொண்டுவந்து இங்கே சாப்பிட்டேன்.

நேரில் சொல்கிறேன் என்று சொன்னவள் நான். தொட்டில் பக்கத்தில் நின்றேன். நீ கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, "சொல்லுக்கா" என்றாய். "அப்பறம் சொல்றேன்" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை தெரியும், மறுபடியும் மறைக்கிறாள் என்ற பார்வை. மறைக்கவில்லை. வாய் வரவில்லை. அந்த வீட்டில் இத்தனை காலம் கழித்து ஒரு குழந்தை சத்தம் போட்டுக்கொண்டு கிடக்கும்போது அதற்கு மேலே நின்று இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். தபால் பையில் எதோடு கிடந்து வந்தாலும் வரட்டும்.

இல்லை. இவள் அவள் ஜாடை இல்லை. இவள் அப்படியே மாப்பிள்ளை. மூக்கிலிருந்து கால் கட்டைவிரல் வரை மாப்பிள்ளை. இந்த முகத்தை அவளுக்கு ஒட்டாதே. அவளுக்கு வேறு முகம்.

தலை நிறைய முடி. ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. நான் விரலால் ஒதுக்கிவிட்டேன், மறுபடி வந்து விழுந்தது. அகல நெற்றி, நம் அப்பாவுடையது. இடது காதின் மேல் ஓரம் புத்தகத் தாள் மடிந்த மாதிரி உள்ளே மடிந்திருந்தது. பிரித்துவிட்டேன், மறுபடி மடிந்துகொண்டது. மோவாயில் ஒரு சின்னக் குழி. நம் வீட்டில் யாருக்கும் இல்லை, மாப்பிள்ளை வீட்டிலும் இல்லை, எங்கிருந்து கொண்டுவந்தாளோ. உதடு கருத்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் சொல்கிறேன். மேலுதடு கொஞ்சம் தூக்கலாக, எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. விரல்கள் நீளம். நகம் வளர்ந்திருந்தது, வெட்ட வேண்டிய அளவுக்கு. உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன், கையில் ரேகை எல்லாம் முழுசாக ஓடியிருந்தது.

புருவத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் யாரோ எழுப்பிவிட்ட கோபம் மாதிரி. அது நீதான். அதை வைத்து அவளை எந்தக் கூட்டத்திலும் உன் மகள் என்று சொல்லிவிடலாம்.

அந்த அட்டைப் பெட்டியில் நான்தான் வைத்தேன். துண்டு விரித்துத்தான் வைத்தேன். டேப் ஒட்டியதும் நான்தான். ஒட்டுவதற்கு முன்னால் வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தேன். அந்தக் கோடியில் ஒரு ஜன்னல் இருக்கிறது. கொஞ்ச நேரம் நின்றோம்.

அவள் கண்ணை நான் திறந்து பார்க்கவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் கண் யார் ஜாடை என்று மட்டும் எனக்கும் தெரியாது. அது ஒன்றை நாம் இரண்டு பேரும் தெரியாமலேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா